மறக்காச்சோளம்

பதினொரு மாட்டைக் கொன்றவள் நான். சோளம் கொன்றது என்று இருதயராஜ் சொல்வார், வறட்சி கொன்றது என்று கலெக்டர் அலுவலகம் சொல்லும். இரண்டும் சப்பைக்கட்டு. "கால்நடைத் தீவனத்துக்கு உகந்தது" என்ற தாளின் அடியில் கிடப்பது என் கையெழுத்து. டாக்டர் முத்துமீனா, தீவனப் பிரிவு, வறண்டநில ஆய்வு நிலையம், கோட்டநத்தம். முத்திரை வேறு.

2049 ஆனி மாதம். ஒரு காலை வெயிலுமுத்து செத்த மாடு ஒன்றை டிராக்டரில் போட்டுக்கொண்டு வந்து நிலைய வாசலில் நிறுத்தினார். முப்பத்தெட்டு வயது, கிடைமாட்டுக்காரர். தொழுவத்தில் கட்டாமல் மந்தையாக ஓட்டித் திரிவார். பகலில் மேய்ச்சல், இரவில் கேட்கிறவர் காட்டில் அடைப்பு, அதுதான் கிடை. காடு என்றால் எங்கள் பக்கம் மானாவாரி நிலம். காட்டுக்காரருக்குச் சாணியும் மூத்திரமும் உரமாகக் கிடைக்கும், மாட்டுக்கு மேய்ச்சல் கிடைக்கும். முந்தின நாள்வரை அவரிடம் அறுபத்து மூன்று உருப்படி இருந்தன.

"டாக்டரம்மா, எறங்கி வாங்க. நல்ல தீவனம்னு நீங்க எழுதிக் குடுத்ததத் தின்ன மாடு இந்தா கெடக்கு. கண்ணாரப் பாருங்க."

இறங்கிப் போனேன். வாயோரம் நுரை காய்ந்திருந்தது. இமையை விலக்கிப் பார்த்தேன், உள்ளே ரத்தச் சிவப்பு. விஷம் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"எங்க மேஞ்சுது?"

"அறுத்த காட்டுலதான். சோளத்தட்டை வெட்டுன பெறகு மாட்ட விடுறது காலங்காலமா வழக்கந்தான? கால் மணி நேரம். ஒவ்வொண்ணா விழுகுது. நான் எதுகிட்டன்னு ஓட? பதினொண்ணு போச்சு."

சொல்லிவிட்டு அவர் அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

வாடிய இளஞ்சோளத்தில் விஷம் ஏறும், மாட்டை விடக்கூடாது. இது கரிசலில் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனால் இந்தச் சோளம் வாடவே வாடாது, அதற்காகத்தானே அதைப் படைத்ததே! நான்கு வருஷமாக மழை பொய்த்து, ஆற்றுப் பாசனமும் அற்றுப்போன நாட்களில் நான்கு மாவட்டத்து அடுப்பை எரியவைத்தது இந்த ஒரு பயிர்தான். மூன்று லட்சம் ஏக்கர். ஒரு தடவை ஊன்றினால் தூர் சாகாது. வெட்ட வெட்ட மறுபடி துளிர்க்கும். சொட்டுத் தண்ணீர் இல்லாமல் எண்பது நாள் பச்சையாக நிற்கும். ஜனங்கள் வைத்த பெயர் மறக்காச்சோளம்.

அந்தப் பெயருக்குக் காரணம் இருதயராஜ், எங்கள் பயிர் விஞ்ஞானி. பேட்டி எடுக்க யார் வந்தாலும் ஒரே பாட்டுத்தான் பாடுவார். "எல்லாச் செடியும் கஷ்டப்படும், கத்துக்கும். ஆனா விதை வைக்கிறப்போ சிலேட்டைத் துடைச்சிடும். பிள்ளை வெறும் சிலேட்டோட பொறக்கும். நான் அந்தத் துடைக்கிற துணியைப் பிடுங்கிட்டேன், அவ்வளவுதான். தாய் பட்டதெல்லாம் மகளுக்கு ஞாபகம் இருக்கும்." வறட்சியை ஞாபகம் வைத்தது, தண்டுத் துளைப்பான் பூச்சியை ஞாபகம் வைத்தது. ஏழு தலைமுறையில் எதற்கும் அசையாத பயிராகிவிட்டது.

அன்று மதியமே பதினொன்றும் விழுந்த காட்டுக்குப் பக்கத்தில், மாடு படாத ஒரு காட்டுக்குப் போனேன். விஷம் பார்க்கும் முறை எளிது. இலையை நசுக்கிக் குப்பியில் போட்டு, மேலே மஞ்சள் காகிதத் துண்டு ஒன்றைத் தொங்கவிட வேண்டும். விஷம் இருந்தால் காகிதம் செங்கல் நிறமாகும். சும்மா நின்ற பயிரில் மஞ்சள். அரிவாளால் அறுத்துப் பார்த்தேன், அப்போதும் மஞ்சள். பிறகு நிலையத்து மாடு ஒன்றைக் கயிற்றோடு பிடித்துவந்து ஒரே ஒரு வாய் கடிக்கவிட்டு இழுத்துக்கொண்டேன். ஐந்து நிமிஷம்வரை மஞ்சள். பத்தாவது நிமிஷம் செங்கல். கடிபட்ட செடி மட்டுமல்ல, பக்கத்துச் செடி, அதற்கடுத்தது, நாற்பதடி தள்ளி வரப்போரம் நின்றது, அத்தனையும் செங்கல். மூன்று நாளைக்கு அது இறங்கவில்லை. ஒரு ஆடு வரப்பில் ஒரு வாய் கடித்தால் போதும், அந்தக் காட்டுத் தட்டையை அறுத்துத் தொழுவத்தில் போட்டாலும் மாடு சாகும்.

"இருதயம் சார், உங்க சோளம் மாட்டை எதிரின்னு முடிவு பண்ணிருச்சு. அரிவா பட்டா சும்மா இருக்கு. எச்சில் பட்டா ஊரையே கூட்டி விஷம் வைக்குது."

"செடி முடிவெல்லாம் பண்ணாது, முத்துமீனா."

"பின்ன, நாப்பதடிக்கும் ஒரே நேரத்துல ஏறுச்சே, அது என்னவாம்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, அதிகம் சத்தமில்லாமல், "ஏழு தலைமுறையா அதுல மேஞ்சது உங்க சோதனை மாடுதானே?" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் குப்பியைப் போட்டு உடைத்திருப்பேன். ஆனால் மனுஷர் சொன்னது நிஜம். ஆறாம் தலைமுறையில் விஷ அளவு கொஞ்சம் ஏறியிருந்தது, ஏழில் இன்னும் கொஞ்சம். இரண்டும் அனுமதித்த அளவுக்குள்தான். பசிக்கிற ஜனம் வாசலில் நிற்கும்போது தசமப் புள்ளிக்குப் பின்னால் இருக்கும் எண்ணுக்காக யார் நிறுத்துவார்கள் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டேன்.

பத்து நாளில் உத்தரவு வந்தது. தானியத்தில் ஒரு குறையும் இல்லை, மனிதர் சாப்பிடலாம். ஆகவே சோளம் இருக்கட்டும், ஆடுமாடு போகட்டும். நான்கு மாவட்டத்திலிருந்தும் கால்நடைகளை லாரியில் ஏற்றி எல்லைக்கு அப்பால் விற்றுவிட வேண்டும். தெற்கிலிருந்து தொடங்குவார்கள். நிலையம் இருப்பதால் எங்கள் ஊர் கடைசி. நாற்பத்திரண்டு நாள் தவணை.

வெயிலுமுத்துவிடம் நானே போய்ச் சொன்னேன். மற்றவர் வாயால் அவர் அதைக் கேட்பது எனக்குப் பொறுக்கவில்லை. அவர் ஒரு பசுவின் காதோரம் உண்ணி பிடுங்கிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

"மனுசன் திங்கணும்னா மாடு போகணும். அதான சொல்ல வாரீக?"

"சோளத்தைப் பிடுங்க முடியாது, வெயிலுமுத்து. வேற எதையும் விதைச்சு முளைக்கவைக்க மழை கிடையாது. நாலு மாவட்டம் பட்டினி கிடக்கும்."

"நான் பிடுங்கச் சொன்னேனா? எம்பிள்ளைகளும் அதத்தான் திங்குதுக." உண்ணியைக் கல்லில் வைத்து நசுக்கினார். "எல்லாச் சோளமும் கொல்லுதுன்னு யாரு சொன்னா? இந்தச் சோளக்காட்டுல கிடை போடச் சொல்லிக் கேக்குறது நம்மூரு மாடத்திக்கா மட்டுந்தான். அவுக காட்டுல மூணு வருசமா மாசந்தவறாம போடுறேன். போன வாரங்கூடப் போட்டேன். உள்ள நொழையயில ஆளுக்கு ரெண்டு வாய் கடிச்சிட்டுத்தான் போகுதுக. ஒரு மாடு தும்மலையே!"

"இதை ஏன்யா முன்னாடியே சொல்லல?"

"நீங்க கேட்டீகளா? செத்த மாட்டப் பத்தி அம்புட்டுக் கேள்வி கேட்டீக. உசுரோட நிக்கிற மாட்டப் பத்தி ஒரு வார்த்த கேட்டீகளா?"

குறிப்பேட்டைத் திறந்து அவர் சொன்னதை வரி விடாமல் எழுதிக்கொண்டேன்.

மறுநாள் இருதயராஜையும் இழுத்துக்கொண்டு மாடத்தியின் காட்டுக்குப் போனேன். அதே சோளம், எங்கள் நிலையத்து விதை, எல்லோரும் ஊன்றிய அதே மாதத்தில் ஊன்றியது. வெயிலுமுத்து ஒரு பசுவைக் கடிக்கவிட்டார். பத்து நிமிஷம், மஞ்சள். அரை மணி, மஞ்சள். கடித்த இடத்தில் சாறு தித்திப்பாகக்கூட இருந்தது. இருதயராஜ் வாயில் போட்டு மென்றே பார்த்தார், வேண்டாம் என்று நான் கத்தியும் கேட்கவில்லை.

"மண்ணு?" என்றேன்.

"அதே கரிசல்தான்."

"பின்ன என்னதான் வித்தியாசம்?"

இரண்டு டாக்டர் பட்டமும் முழித்துக்கொண்டு நின்றன. வெயிலுமுத்துதான் பேச்சோடு பேச்சாகக் கேட்டார். "ரொம்ப நாளா ஒரு சந்தேகம், டாக்டரம்மா. உங்க ஆபீஸ் மாட்டுக்கு மட்டும் எதுக்குப் பின்னால பை கட்டி விடுறீக? எங்க ஊர்ப் பொம்பளைக சிரிக்குதுக."

"அது சாணிப்பை. மாடு எவ்வளவு தின்னுச்சு, எவ்வளவு வெளிய போச்சுன்னு நிறுத்துப் பாத்தாத்தான் உடம்புல ஒட்டினது தெரியும். மூத்திரத்துக்குத் தனிக் குழாய். என் சோதனையில ஒரு குண்டுமணி சாணிகூடத் தரையில..."

அங்கேயே நிறுத்திவிட்டேன். இருதயராஜும் என்னை அதே நொடியில் பார்த்தார்.

ஏழு தலைமுறை! ஒரு பொட்டுச் சாணி கீழே சிந்தாமல், ஒரு சொட்டு மூத்திரம் மண்ணில் படாமல், அத்தனை சுத்தமாக வேலை பார்த்திருக்கிறோம். என் பிரிவுக்கு அதற்காகப் பாராட்டுப் பத்திரம்கூட உண்டு. மாடு என்றால் பல் மட்டும்தான் என்று அந்தச் சோளத்துக்குப் பாடம் நடத்தியிருக்கிறோம். கடித்தது தெரியும், கொடுத்தது தெரியாது. மாடத்தி காட்டுத் தூர்களுக்கு மட்டும் கடியும் உரமும் ஒரே ராத்திரியில் வந்திருக்கின்றன. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது, வரப்பில் உட்கார்ந்துவிட்டேன்.

"மறுபடி பாடம் நடத்தலாம்," என்றார் இருதயராஜ். "விதைக்குக் காத்திருக்க வேண்டாம். தூருக்கே ஞாபகம் இருக்கு. இருபது நாளைக்கு ஒரு துளிர். ரெண்டு துளிர் போதும்னு நெனைக்கிறேன்."

"நெனைக்கிறீங்களா?"

"விசுவாசிக்கிறேன்னு சொல்லட்டுமா? ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பழக்கந்தான்."

அன்று மாலையே அவர் முதலில் ஒரு குறுக்குவழி பார்த்தார். மாட்டு எச்சிலைப் பிடித்துத் தெளித்து, சாணியைக் கரைத்து ஊற்றினார். செடி ஏமாறவில்லை. பல் வேண்டும், நாக்கு வேண்டும், குளம்பு வேண்டும், பின்னாலேயே சாணி விழ வேண்டும். ஆனால் கடித்த பத்தாம் நிமிஷம் விஷம். அப்படியானால் ஐந்து நிமிஷம் மேயவிட்டு மொத்த மந்தையையும் வெளியே எடுத்து, அந்தக் காட்டிலேயே வெட்டி வெறுமையாக்கிய ஒரு மூலையில் இரவெல்லாம் அடைக்க வேண்டும். மறுநாள், விஷம் எட்டாத தூரத்தில் அடுத்த மூலை. எங்கள் நிலையத்து மாடுகளோ பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்காத ஜன்மங்கள். ஒரே சீழ்க்கைக்கு ஐம்பது மாடும் தலையைத் தூக்கிக்கொண்டு வர வேண்டுமென்றால் அது கிடைமாடு மட்டும்தான்.

வெயிலுமுத்துவிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. நிலையத்தின் ஐந்து ஏக்கர்தான் இருப்பதிலேயே கொடிய விஷம் என்றும் சொன்னேன்.

"தப்பிச்சா?"

"உங்க மாடு இங்கயே இருக்கும்."

"தப்பலைன்னா?"

"லாரி எப்படியும் வரும்."

கொஞ்ச நேரம் மந்தையைப் பார்த்தார். "சரி. ஆனா நீங்க வரப்புல நின்னு எழுதிக்கிட்டிருக்கக் கூடாது. எங்கூட உள்ள நிக்கணும்."

நின்றேன். முதல் நாள் கையில் விஷமுறிவு மருந்து ஏற்றிய ஊசிகள், இடுப்பில் கடிகாரம். ஐம்பத்திரண்டு மாடும் பசியோடு இறங்கின. நான்கரை நிமிஷத்தில் கை தூக்கினேன், அவர் சீழ்க்கை அடித்தார். கடித்த வாயோடு அத்தனையும் திரும்பின. ஒன்றைத் தவிர. மயிலைப் பசு, ஈன்று எட்டு நாள். பால் சுரக்கிற உடம்புக்குப் பசி அடங்கவில்லை, பயிருக்குள் இன்னும் நான்கடி போய்விட்டது. இருவரும் கொம்பைப் பிடித்து இழுத்து வரப்புக்குக் கொண்டுவருவதற்குள் பன்னிரண்டு நிமிஷம். முன்னங்கால் மடிந்தது. இரண்டு ஊசி போட்டேன், மூன்றாவதும் போட்டேன். மூச்சு வாங்கி வாங்கி என் மடியில் தலையைச் சாய்த்துச் செத்தது.

"நிறுத்திக்கலாம், வெயிலுமுத்து," என்றேன். "என்னால முடியாது."

அவர் மேல்துண்டால் பசுவின் வாயைத் துடைத்தார். கன்று அந்தப் பக்கம் கத்திக்கொண்டிருந்தது.

"உங்களால முடியாட்டி ஊசிய இருதயம் சார்ட்ட குடுங்க. இது சும்மா சாகணுமாக்கும்?" கண்ணீர் தாடையில் வழிந்தது, துடைக்கவில்லை. "நாளைக்கு மூணு நிமிசம். ஈன்ன மாட்ட வெளிய கட்டிப்போட்டுருவோம்."

ஊசியை நான் கொடுக்கவில்லை. அந்தக் கன்றுக்கு நிலையத்துப் பசுவின் பாலைப் புட்டியில் நானே கொடுத்தேன்.

ஆடிக் காற்றுக் கண்ணில் மண்ணை வாரிப் போட்டது. மூன்று நிமிஷம் மேய்ச்சல், சீழ்க்கை, அடைப்பு. எங்கள் நிலையத்துச் சுத்தமான வயலில் சாணி குவியல் குவியலாகக் கிடந்தது, அதை எடுக்க வந்த பணியாளரை விரட்டியடித்தேன். இருபதாம் நாள் துளிரில் காகிதம் செங்கலாகவில்லை, தேநீர் நிறத்தில் நின்றது. இருதயராஜ் அந்தக் காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தார். இரண்டாம் சுற்று. நாற்பதாம் நாள், மஞ்சள். ஆனாலும் காகிதத்தை நம்பி ஒருமுறை நான் பட்டுவிட்டேன். மாடு தின்று நிற்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

நாற்பத்திரண்டாம் நாள் காலை கலெக்டர் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார். ரோட்டில் இரண்டு லாரி, பின்கதவைத் திறந்துபோட்டு நின்றன.

"ஒரு மாட்டை விட்டுக் காட்டுங்க, போதும்," என்றார் அதிகாரி.

"ஒண்ண விட்டா, அது பழகுன மாடும்பீக," என்றார் வெயிலுமுத்து. "அம்புட்டும் போகட்டும்." நான் தடுப்பதற்குள் ஐம்பத்தொன்றையும் இறக்கிவிட்டார். ஈன்றது, சினை, கிடாரி, ஒன்றையும் விடவில்லை. சீழ்க்கை அடிக்க முடியாதபடி இரண்டு கையையும் கட்டிக்கொண்டார்.

பத்து நிமிஷம். நான் மாடுகளின் முன்னங்கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். கால் மணி. ஒரு காளை தலையைத் தூக்கியது, நான் ஊசியை எடுத்துவிட்டேன். அது காதை ஆட்டிவிட்டு மறுபடி மேய்ந்தது. அரை மணி. முக்கால் மணி. வயிறு நிறைந்த மாடுகள் ஒவ்வொன்றாக அந்தப் பயிருக்குள்ளேயே படுத்து அசைபோடத் தொடங்கின.

நான் வெட்கமில்லாமல் அழுதேன். அதிகாரி போனில் பேசிவிட்டு வந்து, இப்படிப் பழக்கிய காடு இருக்கும் ஊர்களில் மாடு இருக்கலாம், உத்தரவைத் திருத்துகிறார்கள் என்றார். லாரிகள் பின்கதவைச் சாத்திக்கொண்டு காலியாகத் திரும்பின. வெயிலுமுத்து மயிலையின் கன்றைத் தூக்கி வைத்துக்கொண்டு என்னென்னவோ சொல்லித் திட்டினார். சந்தோஷம் வந்தால் அவருக்கு வாயில் கெட்ட வார்த்தைதான் வரும் போல.

இருதயராஜுக்குத் தலைகால் புரியவில்லை. "மூணு லட்சம் ஏக்கர்! உடனே எல்லாக் கிடைக்காரங்களையும் கூப்பிடணும். வெயிலுமுத்து, நம்பர் இருந்தாக் குடுங்க. அருப்புக்கோட்டைப் பக்கம் யாரு, விளாத்திகுளம் பக்கம் யாரு?"

வெயிலுமுத்து கன்றைக் கீழே விட்டார்.

"யாரு இருக்கா, சார்?"

"என்ன அப்படிச் சொல்றீங்க? முப்பது நாப்பது கிடை இருந்துச்சே."

"இருந்துச்சு. தெக்க இருந்து ஒவ்வொண்ணா ஏத்துனாகல்ல. போன வெள்ளிக்கிழமை எங்க மச்சான் கிடை போச்சு. அதோட சரி. வித்தது வித்ததுதான், எந்தச் சந்தையில பிரிஞ்சு போச்சோ. நாலு மாவட்டத்துலயும் கிடைன்னு சொன்னா இப்ப இந்தா நிக்கிறதுதான்."

லாரிகள் போவது தினமும் என் காதில் விழுந்துதான் இருந்தது. நாற்பது நாளும் ஐந்து ஏக்கரை மட்டும் பார்த்துக்கொண்டு, காகிதம் மஞ்சளாகட்டும், பிறகு சொல்லலாம் என்று இருந்துவிட்டேன். ஒரு போன் போட்டு, கொஞ்சம் பொறுங்கள் என்று கெஞ்சியிருக்கலாம். கெஞ்சவில்லை. நிரூபிக்காமல் வாயைத் திறக்கக் கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

இருதயராஜ் விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். நாளைக்கு ஒரு ஏக்கர், ஏக்கருக்கு இரண்டு சுற்று. அவர் உதடு அசைவது நின்றது.

"ஆயிரத்து அறுநூறு வருஷம்," என்றார். சிரிக்க முயன்றார், முடியவில்லை.

வெயிலுமுத்து படுத்திருந்த மந்தையை ஒருதடவை முழுக்க நோட்டம் விட்டார்.

"சினை மாடு ஒம்பது நிக்கி," என்றார். "அதையும் சேத்துப் போடுங்க கணக்க." துண்டை உதறித் தலையில் கட்டினார். பிறகு என்னிடம் திரும்பினார். "எங்கிட்டு இருந்து ஆரம்பிப்போம் டாக்டரம்மா? வடக்கயா, தெக்கயா?"

"தெக்க," என்றேன். "லாரி முதல்ல போன ஊர்ல இருந்து."

அவர் சீழ்க்கை அடித்தார். ஐம்பத்தொன்றும் எழுந்தன.